அளக்கிற மெஷினுக்குக் கடன் கிடையாது

போன வாரம் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஒருவர் பழைய செய்தி ஒன்றைத் திரும்பப் போட்டிருந்தார். சேலத்தில் இருக்கும் ஏரோஸ்பேஸ் என்ஜினியர்ஸ் நிறுவனத்துக்கு அமெரிக்காவின் போயிங் கம்பெனி 150 கோடி ரூபாய்க்கு விமான பாகங்கள் ஆர்டர் கொடுத்தது, முதலமைச்சர் முன்னிலையில் ஒப்பந்தம் ஆனது என்கிற 2021ஆம் வருடச் செய்தி. கீழே தேசியக் கொடி, கை கூப்பும் படம், "நம்ம ஊருடா" என்று வரிசையாக வந்து கொண்டிருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். சேலம் என்றால் மாம்பழம், நாமக்கல் என்றால் முட்டை என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காதுகள் இவை.

அதில் ஒரு இளைஞர் கேட்டார்: "ஒரு கம்பெனி சரி. இத்தனை பட்டறை இருக்கிற ஊரில் ஏன் இப்படி நூறு கம்பெனி வரல?" உடனே பதில்கள் வந்தன. பசங்க எல்லாம் ஐடிக்குப் போய்விட்டார்கள் என்றார் ஒருவர். அரசியல்வாதிகள் என்றார் இன்னொருவர். நம்ம ஆட்களுக்குப் பொறுமை இல்லை என்றார் மூன்றாமவர். நானும் ஏதோ தட்டச்சு செய்தேன், பிறகு அழித்துவிட்டேன். ஏனென்றால் அந்தக் கேள்விக்கான பதிலில் கொஞ்சம் நானும் இருக்கிறேன். வாட்ஸப்பில் சொல்லக்கூடிய நீளமும் இல்லை. அதனால் இங்கே.

என் உத்தியோகம் வங்கி. சேலம், சங்ககிரி, ராசிபுரம், திருச்செங்கோடு என்று இந்தச் சுற்று வட்டாரத்திலேயே பல கிளைகள். கடைசி பதினைந்து வருடம் பெரும்பாலும் கடன் பிரிவு. யாருக்குக் கடன் கொடுத்தால் திரும்ப வரும் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு நிறைய உண்டு. அதில் பாதியாவது உண்மை என்று இப்போதும் நம்புகிறேன்.

முதலில் அந்தக் கம்பெனி விஷயம். அது 1988ல் சேலத்தில் ஆரம்பிக்கப்பட்டது. பிறகு ஓசூரிலும் ஒரு பிரிவு. 1988 என்பதை இன்றைய பிள்ளைகள் சும்மா ஒரு எண்ணாகப் படித்துவிட்டுப் போகக் கூடாது. வெளியூருக்குப் பேச ட்ரங்கால் புக் செய்துவிட்டு உட்கார்ந்திருந்த காலம். வெளிநாட்டு மெஷின் வாங்க வேண்டும் என்றால் லைசென்ஸ், சுங்கம், டில்லிக்கு நடை. சேலத்தில் அப்போது விமான நிலையமே கிடையாது. ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் அது வந்தது 1993ல். வந்த பிறகும் விமானம் வருவதும் நிற்பதுமாக இருந்தது. 2018ல் உடான் திட்டத்தில் ஒரு சேவை ஆரம்பித்து, 2021ல் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. விமானமே ஒழுங்காக வந்து இறங்காத ஊரில் ஒருவர் விமான பாகம் செய்கிறேன் என்று கிளம்பியிருக்கிறார் என்றால், அன்றைக்கு அவரைப் பார்த்து எத்தனை பேர் சிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் போன்றவர்கள்தான் முதலில் சிரித்திருப்போம்.

1988லிருந்து 2021 வரை கணக்குப் போடுங்கள். 33 வருடம். ஒரு ஆள் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மேனேஜராகி, ஓய்வு பெற்று வீட்டுக்குப் போகும் காலம். இதில் யாரும் தூங்கிவிடவில்லை. இந்தத் தொழிலின் இயல்பு அது. நம் தேஜஸ் போர் விமானத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 1983ல் அரசு அனுமதி. முதன்முதலாக வானில் பறந்தது 2001 ஜனவரி 4. அதற்குப் பாகம் செய்து கொடுக்கலாம் என்று 1983ல் ஒருவர் பட்டறை போட்டிருந்தால், முதல் பறப்பைப் பார்க்கவே 18 வருடம் காத்திருக்க வேண்டும். எங்கள் வங்கியில் டேர்ம் லோனுக்கு அதிகபட்சத் தவணை 84 மாதம்.

இங்கே கைத்திறமை இல்லையா என்றால், அதைச் சொல்பவர்கள் திருச்செங்கோட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். போர்வெல் வண்டி என்றால் இந்தியாவில் எந்த மாநிலத்திலும் திருச்செங்கோடு என்பார்கள். ஒரு லாரியில் ரிக், இன்னொரு லாரியில் கம்ப்ரசர். இரண்டையும் ஓட்டிக்கொண்டு ராஜஸ்தான் வரை போய்ப் பாறையைத் துளைத்துவிட்டு வருகிறார்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் ஆட்களிடம் வரைபடம் என்று ஒன்றும் கிடையாது. சாக்பீஸால் தரையில் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்த டேங்கர் கேரளாவின் மலைப்பாதையில் இருபது வருடம் ஓடும். 1981ல் இரும்பாலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, சேலத்து லேத்துப் பட்டறைகளுக்கும் ஒரு மெருகு கூடியது. ஆகையால் கை இருந்தது, மூளை இருந்தது, உழைப்பு இருந்தது.

ஆனால் லாரியின் புஷ்ஷுக்கும் விமானத்தின் புஷ்ஷுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு பட்டறைக்காரர். பெயர் வேண்டாம். இரும்பாலை ரோட்டில் வாடகைக் கட்டடம், மூன்று லேத்து, ஒரு மில்லிங், பிறகு கடன் வாங்கிப் போட்ட ஒரு சிஎன்சி. ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்துக் கொண்டிருந்தார். 2003ஆம் வருடம் என்று நினைவு. பெங்களூரில் விமானத் தொழிலுக்குச் சப்ளை செய்யும் ஒரு கம்பெனி, ஓரளவு நீளமான ஒரு அலுமினியப் பாகத்தை முயற்சியாக 40 செய்து தரச் சொன்னது. 250 மில்லிமீட்டர் நீளம். கூடுதலோ குறைவோ 20 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்தால் ஒன்று. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

மனுஷன் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தார். ஒவ்வொன்றையும் நல்ல மைக்ரோமீட்டரால் அளந்து, துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, தானே பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனார். 40ம் திரும்பி வந்துவிட்டன. எல்லாமே நீளம் குறைவு. ஏறக்குறைய 40 மைக்ரான் குறைவு.

"ஏனுங்க சார், நானே அளந்தனுங்க. ஒன்னு கூடத் தப்பில்லைங்க" என்று என்னிடம் சொன்னார். அவர் அளந்தது சேலத்தில், ஏப்ரல் மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே. வெப்பம் 35 டிகிரி இருந்திருக்கும். அவர்கள் அளந்தது 20 டிகிரியில் வைத்திருக்கும் அறையில். உலகம் முழுக்க நீள அளவுக்கு 20 டிகிரிதான் கணக்கு. ஒரு டிகிரி கூடினால் ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 23 மைக்ரான் நீளும். இரும்பு அதில் பாதிதான் நீளும். அவருடைய மைக்ரோமீட்டர் இரும்பு, பாகம் அலுமினியம். 15 டிகிரி வித்தியாசத்துக்கும் கால் மீட்டர் நீளத்துக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், 43 மைக்ரான் வரும். கை தப்பு செய்யவில்லை. மெஷினும் தப்பு செய்யவில்லை. சேலத்து வெயில் அந்தப் பாகத்தைக் கொஞ்சம் நீட்டிக் காட்டியிருக்கிறது. அதை நம்பி அவர் கூடுதலாகச் சீவிவிட்டார்.

அலுமினியம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட்டை வெட்டி, மேட்டூரில் மால்கோ ஆலையில் 1965லிருந்து அலுமினியம் எடுத்துக் கொண்டிருந்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஓடி 2008ல் நின்றது. விமானத்துக்கு வேண்டிய கலவைத் தகடு பெரும்பாலும் இன்றைக்கும் கடல் தாண்டித்தான் வருகிறது. நம் மலையைக் குடைந்ததும் நம் ஆட்கள், பாகம் சீவுவதும் நம் ஆட்கள், நடுவில் இருக்கிற லாபமான படி மட்டும் வேறு யாரிடமோ. இதைத் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

பட்டறைக்காரர் சோர்ந்து போகவில்லை. பெங்களூர் கம்பெனிக்கே மறுபடி போய், என்ன செய்தால் எங்களை எடுத்துக் கொள்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் ஏசி போட்ட அளவை அறை. அதில் சிஎம்எம் என்கிற, மூன்று திசையிலும் அளக்கும் மெஷின். பிறகு ஏஎஸ் 9100 என்னும் தரச் சான்றிதழ். பிறகு காகிதம். காகிதம் என்றால் சாதாரணக் காகிதம் இல்லை. இந்த உலோகக் கட்டி எந்த ஆலையில் எந்த உருக்கில் பிறந்தது, யார் வெட்டினார், எந்த மெஷினில், எந்தத் தேதியில், எந்தக் கருவியால் அளந்தார், அந்தக் கருவியை யார் எப்போது சரிபார்த்தார் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஜாதகம். முதல் பாகம் செய்யும்போது வரைபடத்தில் இருக்கிற ஒவ்வொரு அளவுக்கும் நம்பர் போட்டு, ஒவ்வொன்றையும் அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு சின்ன பிராக்கெட்டுக்கு நூறு அளவு இருந்தால் நூறும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவில் போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானம் ஒன்றில், மேலே ஏறும்போதே பக்கவாட்டில் கதவு இடத்தை அடைத்திருந்த தகடு பிய்த்துக்கொண்டு போனது. நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. விசாரணையில் தெரிந்தது என்ன? அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட் மாட்டப்படவே இல்லை. அந்தத் தகட்டைக் கழற்றியதற்குத் தொழிற்சாலையில் எழுத்துப்பூர்வமான பதிவும் இல்லை. எழுதியிருந்தால் மாட்டினாயா என்று அடுத்த ஆள் கேட்டிருப்பான். அவ்வளவு பெரிய கம்பெனியிலேயே ஒரு காகிதம் விட்டுப்போனதற்கு அந்தக் கதி. சேலத்துப் பட்டறையிடம் அவர்கள் காகிதம் கேட்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

பட்டறைக்காரர் என்னிடம் வந்தார். பழைய சிஎம்எம் ஒன்று கிடைக்கிறது, அறை கட்ட வேண்டும், ஏசி, ஜெனரேட்டர், சான்றிதழுக்கு வரும் செலவு எல்லாம் சேர்த்து 28 லட்சம் ஆகும் என்று ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட். நன்றாகவே எழுதியிருந்தார். நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். ஈடு என்ன? கட்டடம் வாடகை. வீடு அப்பா பெயரில், அண்ணன் தம்பி மூவருக்கும் பாகம் பிரிக்கவில்லை. ஆர்டர் கையில் இருக்கிறதா? "மெஷின் இருந்தாத்தான் ஆர்டர் தருவாங்கங்க சார்." மெஷினுக்கு முன்னால் ஆர்டர் காட்டச் சொல்கிறோம் நாங்கள், ஆர்டருக்கு முன்னால் மெஷின் காட்டச் சொல்கிறார்கள் அவர்கள்.

கடைசியாக நான் ஒரு கேள்வி கேட்டேன். "சரிங்க, இந்த மெஷின் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பாகம் உற்பத்தி பண்ணும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இது எதையும் உற்பத்தி பண்ணாதுங்க சார். நான் உற்பத்தி பண்ணுனது சரியா தப்பான்னு சொல்லுமுங்க. அவ்வளவுதானுங்க."

நான் கோப்பில் எழுதினேன்: உற்பத்தி சாராத சொத்து, போதிய ஈடு இல்லை, பரிந்துரைக்க இயலவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அதே வாரம் திருச்செங்கோடு பார்ட்டி ஒருவருக்கு ரிக் வண்டிக் கடன் ஒன்று என் மேஜையில் வந்தது. 28 லட்சத்தைவிட அதிகம். நான்கு நாளில் முடித்துக் கொடுத்தேன். ஏனென்றால் ரிக் வண்டி என்றால் எனக்குப் புரியும். வண்டிக்கு ஆர்சி புத்தகம் உண்டு, அதில் வங்கியின் பெயரை ஏற்றலாம். தவணை கட்டாவிட்டால் வண்டியைப் பிடித்து, திருச்செங்கோட்டிலேயே நிறுத்தி வைத்தால் இரண்டு வாரத்தில் ஆள் வருவான் வாங்க. கோழிப்பண்ணை என்றால் ஒரு கோழிக்கு இவ்வளவு என்று எங்களிடம் கணக்கே உண்டு. சேகோ ஆலை, வெள்ளிக் கொலுசு, விசைத்தறி, எல்லாவற்றுக்கும் ஒரு வாய்ப்பாடு மனப்பாடம். ஏசி அறையில் கிரானைட் மேஜை மேல் நிற்கும் ஒரு அளவை மெஷினை ஜப்தி செய்து நான் யாரிடம் விற்பேன்?

ஆகையால் அந்த இளைஞருக்கு என் பதில் இதுதான். இந்தச் சமவெளியில் எது வளர்ந்தது, எது வளரவில்லை என்பதை எஞ்சினியர்கள் மட்டும் முடிவு செய்யவில்லை. எங்களுக்கு எதை விலை போடத் தெரிந்ததோ அது வளர்ந்தது. லாரிக்கு விலை போடத் தெரிந்தது, ஆயிரக்கணக்கில் லாரி வந்தது. துல்லியத்துக்கு விலை போடத் தெரியவில்லை.

வங்கிக்காரனைத் திட்டுவது சுலபம், அதுவும் ஓய்வு பெற்ற பிறகு தன்னையே திட்டிக்கொள்வது இன்னும் சுலபம். என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது அடுத்தவர் பணம். கல்யாணத்துக்கென்று ஒரு ஆசிரியர் போட்டு வைத்த டெபாசிட். அந்த 28 லட்சம் மூழ்கியிருந்தால் என்னைக் கூப்பிட்டு, ஈடு இல்லாமல் எதற்குக் கொடுத்தாய், கமிஷன் வாங்கினாயா என்று கேட்டிருப்பார்கள். என் கண் முன்னால் அப்படி ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்பட்ட நல்ல அதிகாரிகள் உண்டு. ரிக் கடன்களும் வாராக்கடன் ஆயின, அதுவும் சில வருடங்களில் கொத்துக் கொத்தாக. அப்போது என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விதிப்படி ஈடு வாங்கிக் கொடுத்த கடன் கெட்டால் அது கால நேரம். விதியை வளைத்துக் கொடுத்த கடன் கெட்டால் அது அதிகாரியின் குற்றம். இந்த ஒரு வித்தியாசம் எத்தனை பட்டறைகளைப் பட்டறையாகவே வைத்துவிட்டது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

ஆனால் என்னால் தப்பிக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. ஈடு இல்லாத சிறு தொழில் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க மத்திய அரசும் சிட்பியும் சேர்ந்து ஒரு நிதியம் ஆரம்பித்தது 2000ல். சிஜிடிஎம்எஸ்இ என்று சொல்வோம். அதன் சுற்றறிக்கை என் மேஜையில் இருந்தது. முழுத் தொகையும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதிக்காவது முயன்று பார்த்திருக்கலாம். புதுத் திட்டம், யாரும் செய்து பார்க்கவில்லை, எதற்கு வம்பு என்று நான் அந்தத் தாளைப் புரட்டவே இல்லை. அது விதியின் குற்றமில்லை. என் குற்றம்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அந்த உத்தரவாதத்தின் உச்சவரம்பு 2 கோடியாக இருந்து, 2023ல் 5 கோடியாகி, 2025 ஏப்ரலிலிருந்து 10 கோடி. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006 சட்டத்திலேயே இருந்தாலும் யாரும் மதித்ததில்லை. 2024 ஏப்ரலிலிருந்து, அப்படிக் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் அந்த வருடம் காட்ட முடியாது என்று வந்த பிறகு பெரிய கம்பெனிகள் கொஞ்சம் அசைகின்றன. இது சின்ன விஷயம் இல்லை. விமான வேலையில் கச்சாப் பொருளை மாதக்கணக்கில் முன்னால் வாங்கி வைக்க வேண்டும். ஒரு கட்டியைக் குடைந்து பாகம் எடுத்தால், சில பாகங்களில் பத்தில் ஒன்பது பங்கு துருவலாகப் போய்விடும். அந்தத் துருவலுக்கும் சேர்த்துத்தான் முன்பணம் கட்டியிருப்பான் பட்டறைக்காரன். அவனுக்கு 45 நாள் 150 நாளானால் வட்டியே அவனைத் தின்றுவிடும்.

பாதுகாப்புத் தொழில் வழித்தடம் பற்றியும் கேட்பீர்கள். 2018 மத்திய பட்ஜெட்டில் சொன்னார்கள், 2019 ஜனவரி 20ல் திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். சென்னை, ஓசூர், கோவை, திருச்சி, சேலம் என்று ஐந்து ஊர். டிட்கோதான் பொறுப்பு. மாநில அரசின் 2022 கொள்கையில் பத்து வருடத்தில் 75,000 கோடி முதலீடு, ஒரு லட்சம் பேருக்கு வேலை என்று இலக்கு. நான் எதிர்ப்பாளன் இல்லை. வரட்டும். ஆனால் முதலீடு, ஏக்கர், கோடி என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்த 28 லட்சம்தான் கண்ணில் வருகிறது. ஆயிரம் ஏக்கரில் வரப்போகும் பெரிய கம்பெனிக்கு நிலம், மின்சாரம், மானியம் எல்லாம் கிடைத்துவிடும். அந்தக் கம்பெனிக்கு நூறு சின்ன பாகம் செய்து கொடுக்க வேண்டிய நூறு பட்டறைக்குத் தேவை நிலம் இல்லை. 20 டிகிரியில் ஒரு அறை.

ஏன் அதைப் பொதுவாகக் கட்டக் கூடாது? கோவையில் சிறு தொழில் அமைப்புகள் முன்னின்று உருவாக்கிய சிடார்க் சோதனைக்கூடம் எத்தனையோ வருடமாக இருக்கிறது. பம்பு செட் தொழில் அங்கே நிமிர்ந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கோவை நண்பர்கள் சொல்வார்கள். பாதுகாப்பு அமைச்சகம் 2020ல் 400 கோடியில் சோதனை வசதித் திட்டம் ஒன்று கொண்டுவந்தது, செலவில் 75 சதவிகிதம் வரை மானியம். அந்த மாதிரி ஏதோ ஒன்றில் சேலத்தில் பொதுவான அளவை அறை ஒன்று வைத்து, நல்ல சிஎம்எம் இரண்டு போட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குங்கள். நெல் அரைக்க ஊருக்கு ஒரு மில் இருந்தது இல்லையா, அதுபோல. கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி 1966லிருந்து இருக்கிறது. ஐடிஐ இருக்கிறது. லேத்து ஓட்டப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள், நல்லது. அளக்கவும், அளந்ததை எழுதவும், எழுதியதில் பொய் சொல்லாமல் இருக்கவும் தனியாகப் பழக்க வேண்டும். அது ஒரு தொழில். பெண் பிள்ளைகள் அதில் பிரமாதமாக வருவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் கிளையில் கணக்கு இடிக்கும்போது ஒரு ரூபாய்க்காக ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடியவர்கள் அவர்கள்தான்.

பொய் சொல்லாமல் என்றேன். அது சும்மா வந்த வார்த்தை இல்லை. நம்மூர் வியாபாரத்தில் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று ஒரு வார்த்தை உண்டு. ரிக் வண்டியில் அது செல்லும். கொஞ்சம் லூசாக இருந்தால் ஒரு வாஷர் போட்டுக் கொள்ளலாம். விமானத்தில் செல்லாது. அந்த 40 பாகத்தில் பாதியையாவது எடுத்துக்கொள்ளுங்கள், விலையைக் குறைத்துக் கொள்கிறேன் என்று கேட்டாராம் பட்டறைக்காரர். அவர்கள் சிரிக்கவில்லையாம். இனிமேல் இப்படிக் கேட்காதீர்கள், கேட்டால் அடுத்த வேலை வராது என்றார்களாம். 33 வருடம் அந்தத் தொழிலில் நின்ற ஒரு கம்பெனி தினமும் எத்தனை முறை அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 150 கோடியைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

போன ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் அந்தப் பட்டறைக்காரரைப் பார்த்தேன். எனக்குத்தான் ஒதுங்கிப் போகத் தோன்றியது. அவரே வந்து கையைப் பிடித்துக் கொண்டார். இன்னும் ரிக் வண்டிக்குத்தான் உதிரி பாகம் செய்கிறார். குறை ஒன்றும் இல்லை என்றார். பையன் பி.இ. முடித்து ஓசூர் பக்கம் விமான பாகம் செய்யும் இடத்தில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறானாம். வீட்டுக்கு வாங்க சார் என்று விடாமல் கூட்டிக்கொண்டு போனார்.

மேஜை மேல் பில்கள் பறக்காமல் இருக்க ஒரு அலுமினியப் பாகத்தை வைத்திருந்தார். திரும்பி வந்த 40ல் ஒன்று. மற்றதை எடைக்குப் போட்டுவிட்டாராம். பையன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். கம்பெனிக்குள் வெளிப்பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது, அதனால் கோயம்புத்தூரில் காசு கொடுத்து அளக்கும் ஒரு லேபில் கொடுத்து, ரிப்போர்ட்டோடு திரும்பக் கொண்டுவந்திருக்கிறான். அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். வெப்பநிலை 20 டிகிரி. நீளம் 249.961.

"அன்னிக்கு அவங்க சொன்னது சரிதானுங்க சார்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "சாருக்குக் காபி கொண்டா சாமி, சர்க்கரை கம்மியா" என்று குரல் கொடுத்தார்.